அகல டயர் ஃபெண்டரில் உரசுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

அகல ரிம்மும் டயரும் மாட்டிய கையோடு "உரசுது, ஃபெண்டரை மடிச்சு விட்டுடலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் அந்தத் தகரத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள் என்பதுதான். பல வண்டிகளில் லைனரின் (ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) ஒரு கிளிப் கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். மட்ஃபிளாப் இரண்டு விரற்கடை நீண்டிருக்கும். இல்லையென்றால் ரிம்மின் ஆஃப்செட்டே (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) அந்த வண்டிக்குப் பொருந்தாததாக இருக்கும். ஃபெண்டரை வளைத்தாலும் இவை அப்படியேதான் இருக்கும்.

முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். பின் ஃபெண்டர் பாடியோடு சேர்த்து வெல்டு செய்த தகரம். அதில் தவறு நடந்தால் வெட்டி ஒட்டுவதைத் தவிர வழி கிடையாது. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் வரிசை ஒன்றுதான்: கழற்றி மாட்டக்கூடியதை முதலில் பாருங்கள், பிறகு வளைக்கக்கூடியதை, வெட்டுவதைக் கடைசியாக.

எல்லாவற்றுக்கும் முன்: எங்கே உரசுகிறது?

சத்தத்தை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். தடயம் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை விடக் கூடாது. உரசின இடம் லைனரில் பளபளவென்று தெரியும். ஃபெண்டரின் உள்மடிப்பில் பெயிண்ட் போய்த் தகரம் மின்னும்.

டயரையும் திருப்பிப் பாருங்கள். வெளித்தோளில் கீறல் இருந்தால் ஃபெண்டர் மடிப்பு அல்லது பம்பர் முனை. உள்பக்கச் சுவரில் வட்டமாகத் தேய்மானம் இருந்தால் ஷாக் அப்சர்பர், ஸ்பிரிங் தட்டு, லோயர் ஆர்ம் இவற்றில் ஒன்று. ட்ரெட்டின் (ரோட்டைத் தொடும் பகுதி) நடுவிலேயே தேய்ப்பு இருந்தால் லைனரின் மேல்பகுதி, அல்லது அதன் முன் பின் சுவர்.

தடயம் தெளிவாக இல்லையென்றால் ஃபெண்டர் மடிப்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, டயரின் தோளில் சாக்பீஸ் பூசி, ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வாருங்கள். டேப் எங்கே கிழிந்திருக்கிறதோ அந்த இடம்தான். கிழிசலின் நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியே ரிம்மின் கணக்கையும் போட்டுவிடுங்கள். 6 அங்குல ரிம், ஆஃப்செட் 45 இருந்த இடத்தில் 7.5 அங்குலம், ஆஃப்செட் 38 மாட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அகலம் 38 மி.மீ. கூடியது. அதில் பாதி, 19 மி.மீ., இரண்டு பக்கமும் போகும். ஆஃப்செட் 7 குறைந்ததால் சக்கரம் மொத்தமாக 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 26 மி.மீ., உள்பக்கம் 12 மி.மீ. அதே ரிம்மை ஆஃப்செட் 45-லேயே வாங்கியிருந்தால் இரண்டு பக்கமும் 19 தான். ஃபெண்டரில் 7 மி.மீ. சம்பாதிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது கீழே வருகிறது.

அறிகுறி 1: மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் உரசுகிறது

இங்கே ஃபெண்டர் தகரத்துக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

பம்பர் பக்கம் உரசினால்

லைனரின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் லைனர் தொப்பை போட்டு டயர் மேல் சாயும். அடுத்து, பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலை. அங்கே ஒரு பிளாஸ்டிக் காதும் ஒரு ஸ்க்ரூவும் டயரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூவுக்குப் பதில் தலை தட்டையான குட்டி ஸ்க்ரூ போட்டு, காதைச் சீவிவிட்டாலே பல வண்டிகளில் உரசல் நின்றுவிடும். பிடிப்பு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டால் வேகத்தில் பம்பரின் முனை ஆடும். சீவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதவுப் பக்கம் உரசினால்

மட்ஃபிளாப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அதையே ஓரம் வெட்டி மறுபடி மாட்டலாம். லைனர் சுவர் உரசினால் ஹீட் கன்னில் சூடேற்றி, கையுறை போட்டுக்கொண்டு உள்பக்கம் அழுத்திப் பிடித்து ஆற விடுங்கள். பிளாஸ்டிக் அந்த வடிவத்திலேயே நிற்கும். லைனருக்குப் பின்னால் இரண்டு தகரங்கள் சேரும் மடிப்பு ஒன்று செங்குத்தாக ஓடும். அதில் இடித்தால் சுத்தியலால் ஒரு பக்கமாகப் படிய வைத்து, பிரைமரும் சீலரும் போடுங்கள். வெட்டக் கூடாது, அந்த மடிப்பில்தான் ஸ்பாட் வெல்டுகள் இருக்கின்றன.

ஒரே பக்கச் சக்கரம் மட்டும் உரசினால்

இரண்டு பக்கமும் ஒரே ரிம், ஒரே டயர். இடது மட்டும் உரசுகிறது, வலது உரசவில்லை. அப்படியானால் கோளாறு டயரில் இல்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நடுவிலிருந்து ஃபெண்டர் வளைவின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் டேப் பிடித்து அளந்து, மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், வண்டி எப்போதோ இடி வாங்கியிருக்கலாம். அலைன்மென்ட் தாளில் அந்தப் பக்கக் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன் பின்னாகச் சாயும் கோணம்) எண்ணைப் பாருங்கள். இது சஸ்பென்ஷன் மெக்கானிக்கின் வேலை. ஃபெண்டரைத் தட்டினால் கோளாறு மறையும், தீராது.

அறிகுறி 2: பள்ளத்திலோ வேகத்தடையிலோ இறங்கும்போது பின்னாலிருந்து "சர்ர்"

உண்மையில் ஃபெண்டரைத் தொட வேண்டி வருவது இந்த அறிகுறிக்குத்தான். அதற்குள்ளும் செலவில்லாத காரணங்கள் உண்டு.

முதலில் ஸ்பிரிங்

ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்கவும். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங் அமர்ந்துபோயிருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்டும் உரசுகிறது என்றால் பம்ப் ஸ்டாப்பை எட்டிப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருக்கும். சக்கரம் தேவைக்கு மேல் ஏறுவதைத் தடுப்பதே அந்த ரப்பர்தான். புதிது மாட்டிவிட்டு மறுபடி டேப் ஒட்டிச் சோதியுங்கள்.

அடுத்து டயர் அளவு

225/50 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 657 மி.மீ. 225/45 ஆர்17 ஏறக்குறைய 634. அகலம் மாறாமலே மேல்பக்கம் 11 மி.மீ. இடம் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடாமலிருக்க, கம்பெனி டயரின் விட்டத்துக்கு எது பக்கமாக இருக்கிறதோ அதை எடுங்கள். பெயரில் ஒரே அளவு இருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு தோள் வடிவம் மாறும். தோள் உருண்ட டயர் தப்பிக்கும் இடத்தில் தோள் சதுரமான டயர் மாட்டிக்கொள்ளும்.

கேம்பர்

சக்கரத்தின் மேல்பகுதியை உள்பக்கம் சாய்த்தால், ஒரு டிகிரிக்குச் சுமார் 5 மி.மீ. இடம் ஃபெண்டர் மடிப்பருகே கிடைக்கும். பின்னால் கேம்பர் சரிசெய்ய வசதி இருக்கிற வண்டியில் ஒரு டிகிரிக்குள் இதைச் செய்யலாம். அதற்கு மேல் போனால் டயரின் உள்பக்கம் தின்றுவிடும். பின்னச்சு ஒரே குழலாக இருக்கிற வண்டியில் இந்த வழி கிடையாது. அந்த வகையில் வேறொன்று பாருங்கள்: பான்ஹார்ட் ராடு (பின்னச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) உள்ள வண்டியைத் தாழ்த்தியிருந்தால், அது அச்சையே ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். ஒரு பக்கச் சக்கரம் வெளியே துருத்தும், மறுபக்கம் உள்ளே போயிருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவந்தால், இரண்டு ஃபெண்டரும் தப்பிக்கும்.

மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் மடிப்பில்தான் இடிக்கிறது என்றால்: ரோலிங்

ஃபெண்டரின் விளிம்பில் தகரம் உள்பக்கமாக 10 முதல் 20 மி.மீ. வரை மடிந்திருக்கும். டயர் இடிப்பது பெரும்பாலும் அதன் நுனியில். அதை மேல்நோக்கிப் படிய வைத்தால் மடிப்பின் அகலம் முழுவதும் இடமாகக் கிடைக்கும், வெளித்தோற்றம் மாறாது. இதற்கு உருளை வைத்த கருவி இருக்கிறது, ஹப்பில் சக்கர நட்டுகளால் மாட்டுவது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் கட்டையைச் செருகி வண்டியை உருட்டும் வித்தையைச் செய்யாதீர்கள். கட்டை எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, ஃபெண்டரில் மேடு பள்ளம் விழுந்த பிறகுதான் தெரியும்.

தொடங்கும் முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

காந்தம் வையுங்கள். ஒட்டவே ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் ஃபெண்டர் மடியாது. அலுமினியம் சட்டென்று விரிசல் விடும், அதை அனுபவமுள்ள டிங்கரிடம் விடுங்கள். காந்தம் அரைகுறையாகப் பிடித்தால் உள்ளே பட்டி (பள்ளம் நிரப்பப் பூசுவது) இருக்கிறது என்று பொருள். கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். பெயிண்ட் தடிமன் அளக்கும் கேஜில் அதைப்போலப் பல மடங்கு காட்டினால் ரோலிங் செய்யும்போது பட்டி துண்டு துண்டாகப் பெயரும். அந்த வண்டியில் பெயிண்ட் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

லைனரைக் கழற்றி மடிப்புக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவுங்கள். சேறு கட்டியாக உட்கார்ந்திருக்கும். சுரண்டாமல் மடித்தால் அது உள்ளேயே ஈரம் பிடித்து அடைந்துகொள்ளும். ஒரு பக்கப் பின் ஃபெண்டருக்குள் பெட்ரோல் ஊற்றும் குழாய் வரும், சில வண்டிகளில் ஒயரும் ஓடும். அவை மடிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் என்று பாருங்கள். கடைசியாக, பின் பம்பர் ஃபெண்டரோடு சேரும் முனை. அங்கே மடிப்பில்தான் பம்பர் ஸ்க்ரூ பிடித்திருக்கும். அந்த நாலு விரல் இடத்தை மடிக்காமல் விட்டுவிடுங்கள், அல்லது பம்பரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

சூடு இல்லாமல் தொடங்காதீர்கள். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல், பெயிண்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆட்டிக்கொண்டே இருங்கள். 50 முதல் 60 டிகிரி போதும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லையென்றால் அந்தச் சூடு வந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. வளைவின் உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் உருட்டுங்கள். முதல் தடவை மடிப்பு சற்றே அசைந்தால் போதும். கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி சூடேற்றி, மறுபடி உருட்டுங்கள். ஒரே தடவையில் மடிக்கிற அவசரத்தில்தான் பெயிண்ட் வெடிக்கிறது. ஒரு கை கருவியில் இருந்தாலும் மறு கையின் விரல்கள் ஃபெண்டரின் வெளிமுகத்தில் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்கு அலை தெரிந்துவிடும். தெரிந்த உடனே நிறுத்துங்கள். டேப் கிழிந்த நீளத்தை அளந்து வைத்தீர்களே, அதற்கு இரு பக்கமும் ஒரு சாண் கூட்டி மடித்தால் போதும்.

பின் ஃபெண்டரில் உள்தகரமும் வெளித்தகரமும் அந்த மடிப்பில்தான் சேர்கின்றன. மடிக்கும்போது இடையிலுள்ள சீலர் கட்டாயம் விரிசல் விடும். வேலை முடிந்ததும் துத்தநாகப் பிரைமர், புது சீலர், பெயிண்ட், அதன் மேல் மெழுகு ஸ்பிரே. இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் துரு உள்ளிருந்து கிளம்பும்.

இன்னும் சில மி.மீ. வேண்டுமென்றால் அதே கருவியால் விளிம்பை வெளியே தள்ளலாம். அது ரோலிங் அல்ல, ஃபெண்டரின் வடிவத்தையே மாற்றும் வேலை. ஐந்து மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் பட்டறைக்குப் போய்விடுங்கள். பெயிண்ட் இல்லாமல் அது முடியாது.

அறிகுறி 3: திருப்பத்தில் ஒடித்தபடி பள்ளத்தில் இறங்கும்போது முன் ஃபெண்டர் உரசுகிறது

முன் ஸ்பிரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மேலே சொன்னபடி பாருங்கள். பிறகு லைனரின் மேல்பகுதி, அதன் பிறகு மடிப்பு. முன் ஃபெண்டரில் ஒற்றைத் தகரம்தான், சீலர் தொல்லை குறைவு.

அவசரம் ஒன்று உண்டு. மடிப்பின் நுனி வெளிநோக்கி வளைந்திருந்தால், அல்லது டயரின் தோளில் ரப்பர் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால், வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். டயர் மேலே போகும்போது உரசுவதும், கீழே வரும்போது தகரத்தைக் கொக்கிபோல மாட்டி இழுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது நடந்தால் டயர் கிழியும். சுவரில் நூல் தெரிகிற டயரை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி 4: நேராகப் போகும்போதும் விடாமல் "ஸ்ஸ்" என்று உள்பக்கச் சத்தம்

உள்ளே இடிக்கிறது. ஃபெண்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டயருக்கும் ஷாக் அப்சர்பருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டையும் முழு ஒடிப்பில் வைத்துப் பாருங்கள். ஹோஸின் மேல் தேய்ப்புத் தெரிந்தால் அதே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். போவது பிரேக்.

சரியான ஆஃப்செட் உள்ள ரிம்முக்கு மாற்றுவதே நேர்வழி. 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசரும் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) வேலை செய்யும், ஆனால் அதே 3, 5 மி.மீ. வெளியே ஃபெண்டர் பக்கம் போய்ச் சேரும். ஸ்பேசர் போட்டபின் நட்டு எத்தனை சுற்றுக் கடிக்கிறது என்று கையால் திருப்பி எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை கடிக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், 1.5 மி.மீ. மரை என்றால் 8 சுற்று. அதற்குக் குறைந்தால் நீள ஸ்டட் போடும்வரை அந்த ஸ்பேசர் வேண்டாம். ஸ்பிரிங் தட்டையோ ஷாக் அப்சர்பர் உடலையோ கிரைண்டரில் தேய்த்து இடம் பண்ணுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அறிகுறி 5: ஃபெண்டர் வேலை முடிந்த பிறகு வந்த தொல்லைகள்

பெயிண்ட்டில் முடி போன்ற கோடு

நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் மேல் பூச்சில் மட்டும்தான். டச்-அப் செய்து கவனித்து வரலாம். நகம் மாட்டினால் தகரம் வரை போய்விட்டது. சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட்.

டிக்கியில் ஈரம், தூசி

பின் ஃபெண்டரில் இரு தகரங்களின் இணைப்பு திறந்துவிட்டது. டிக்கியின் பக்க அட்டையைக் கழற்றிவிட்டு ஒருவர் டார்ச்சோடு உள்ளே பார்க்க, மற்றவர் சக்கரக் குழிக்குள் தண்ணீர் பீய்ச்சட்டும். சொட்டுகிற இடத்தை உலர்த்தி உள்ளும் புறமும் சீலர். தகரம் கிழிந்தே இருந்தால் வெல்டர்.

பின் கதவு இடிக்கிறது

நாலு கதவு வண்டிகள் பலவற்றில் பின் கதவின் கீழ் மூலையே சக்கர வளைவின் ஒரு பகுதி. ஃபெண்டரை வெளியே இழுத்துவிட்டு அதை மறந்தால் கதவு திறக்கும்போது விளிம்பில் தட்டும். இடைவெளியை மேலிருந்து கீழாகப் பார்த்து, ஒரே அளவில் இல்லையென்றால் மேற்கொண்டு நீங்கள் தட்டாதீர்கள். டிங்கர் வந்தால் கதவையும் ஃபெண்டரையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

அறிகுறி 6: மடித்தும் இழுத்தும் இன்னும் உரசுகிறது

இனி வெட்டுவதுதான். அதற்கு முன் ஒருமுறை ரிம் கணக்கைப் பாருங்கள். வேறு ஆஃப்செட்டில் அதே ரிம் கிடைத்தால், வெட்டி, வெல்டு வைத்து, பெயிண்ட் அடிப்பதைவிட அது மலிவாக முடியக்கூடும்.

முன் ஃபெண்டரில் வளைவை வரைந்து, ஃபிளேரை (ஃபெண்டர் ஓரத்தின் மேல் மாட்டும் அகல விளிம்பு) வைத்துப் பார்த்து, அது மறைக்கும் எல்லைக்குள் வெட்டலாம். கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். வெட்டிய ஓரத்தைத் தேய்த்து உடனே பிரைமர்.

பின் ஃபெண்டரைத் தனியாகத் தொடாதீர்கள். மடிப்புக்கு மேலே வெட்டியதும் உள்தகரமும் வெளித்தகரமும் பிரிந்து வாய் திறந்துவிடும். உள்தகரத்தைக் கீற்றுக் கீற்றாகக் கீறி, வெளியே வளைத்து, வெளித்தகரத்தோடு மறுபடி வெல்டு வைத்து மூட வேண்டும். அப்படி மூடாமல் மேலே ஃபிளேரை ரிவிட் அடித்து மறைத்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஃபிளேர் புதுசாக இருக்கும், உள்ளே கைவிட்டால் துரு பொடியாகக் கொட்டும், தகரம் அழுத்தினால் உள்வாங்கும். தவிர, பக்கத்திலேயே பெட்ரோல் குழாய், ஒயர், சில வண்டிகளில் சத்தத்துக்காக அடைத்த நுரை. வெல்டிங் பொறி பட்டால் பற்றும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டிரிம்மைப் பிரித்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். உள்தகரத்தை எப்படி மூடுவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். "ஃபிளேர் மறைச்சிடும்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அறிகுறி 7: உரசல் இல்லை, ஆனால் ஸ்டியரிங் நடுங்குகிறது, ரோட்டின் கோட்டைப் பிடித்து இழுக்கிறது

நடுக்கம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்றால் பேலன்ஸ் பாருங்கள். பிறகு ரிம்மின் நடுத் துளை ஹப்பைவிடப் பெரிதா என்று பாருங்கள். பெரிதென்றால் இடைவளையம் வேண்டும். இழுப்பு என்பது அகல டயரும் வெளியே தள்ளிய ஆஃப்செட்டும் சேர்ந்து கொடுப்பது. அலைன்மென்ட்டில் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது.

அறிகுறி 8: உரசவில்லை, ஆனால் கதவெல்லாம் சேறும் கல்லும்

டயரின் ட்ரெட் ஃபெண்டருக்கு வெளியே வந்துவிட்டது. ஃபெண்டர் விளிம்பிலிருந்து குண்டு கட்டிய நூல் ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ட்ரெட் நூலுக்கு வெளியே தெரிந்தால், பல நாடுகளில் சோதனையில் இதற்கே வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்றால் மேலே ஒட்டும் ரப்பர் விளிம்பே மறைத்துவிடும். அதற்கு மேல் என்றால் ஃபிளேர். ஃபிளேர் வாங்கும் முன் உங்கள் பகுதி வாகன விதியையும், இந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்று இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள்.